பண்பெடையா, சீர்தூக்கலா? குரங்கின் தெரிவுக்கு ஒரு சொல்

ரோஸ் ஹில், மொரிஷியஸ். திங்கள் இரவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். எங்கள் பள்ளி அறிவியல் வாரத்துக்கு நம் தீவுக் குரங்குகளைப் பற்றி ஆறு பலகைகள் வைக்கிறோம். ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதி முடித்தாயிற்று. தமிழ் என் பொறுப்பு. ஐந்து பலகை முடிந்தது, ஆறாவதின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். குரங்கின் எதிரே இரண்டு தீனி இருக்கிறது. ஒன்று பழுத்தது, ஆனால் சின்னது. இன்னொன்று பெரியது, ஆனால் எட்டத்தில் இருக்கிறது, பக்கத்தில் வேறொரு குரங்கும் உட்கார்ந்திருக்கிறது. இனிப்பு, அளவு, தூரம், பயம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வகை. இனிப்பை அடிக்கோலால் அளக்க முடியாது, பயத்தைத் தராசில் வைக்க முடியாது. ஆனாலும் குரங்கு ஒரு நொடியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒன்றை எடுத்துவிடுகிறது. பண்புக்குப் பண்பு இவ்வளவு முக்கியம் என்று வைத்து முடிவெடுக்கும் இந்தச் செயலுக்கு ஒரே சொல்லாக என்ன சொல்லலாம்?

பலகையின் நடுவில் 2006இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கமிலோ படோவா-ஸ்கியோப்பாவும் ஜான் அசாதும் செய்தது. குரங்குக்கு இரண்டு பழச்சாறு காட்டுகிறார்கள், சொட்டுக் கணக்கை மாற்றி மாற்றி. ஒரு சொட்டு முதல் சாறா, ஒரு சொட்டு இரண்டாவது சாறா என்றால் முதலாவதை எடுக்கும். இரண்டாவதை மூன்று சொட்டாக்கினால், உதாரணத்துக்குச் சொல்கிறேன், பாதித் தடவை இது, பாதித் தடவை அது. அதாவது அந்தக் குரங்குக்கு முதல் சாறின் ஒரு சொட்டும் இரண்டாவதின் மூன்று சொட்டும் ஒன்றுதான். கண்குழிக்கு மேலே நெற்றிப் பக்கம் இருக்கும் மூளைப் புறணியில் சில நரம்பணுக்கள் இந்த மதிப்புக்கு ஏற்றபடி துடிப்பதைப் பார்த்தார்கள். சாறு இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கம் இருந்ததா என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. சுவையையும் அளவையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவரும் 'பொது நாணயம்' மூளையில் இருக்கிறது என்று நான் எழுதியிருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலச் சொல்லை (weighting) அப்படியே 'வெயிட்டிங்' என்று எழுதிப் பார்த்தேன். கிரேட் 9 பிள்ளை ஒருத்தி "குரங்கு எதுக்காக மிஸ் காத்திருக்குது?" என்று கேட்டாள். 'குரங்கின் தேர்வு' என்று எழுதினால் குரங்கு பரீட்சை எழுதுகிறது என்று நினைக்கிறார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ்ச் சொல் அவர்களுக்குப் பெரும்பாலும் பாடப் புத்தகத்தில்தான் முதலில் அறிமுகமாகிறது. அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

போன ஞாயிறு கிராண்ட் பாசின் புனிதக் குளத்துக்குப் போயிருந்தேன். குளக்கரைப் படியில் யாரோ பூசை முடித்து வைத்துவிட்டுப் போன தட்டு. வயிற்றில் குட்டி தொங்க ஒரு மந்தி வந்து உட்கார்ந்தது. இடக்கையில் தேங்காய் மூடி, வலக்கையில் பாதி கறுத்த வாழைப்பழம். பழத்தை மோந்து பார்த்தது. தேங்காயை நகத்தால் ஒரு தடவை சுரண்டி நக்கிப் பார்த்தது. அதைத்தான் மார்போடு அணைத்துக்கொண்டது. அப்போது மேல்படியிலிருந்து பெரிய கடுவன், ஆண்குரங்கு ஒன்று இறங்கத் தொடங்கியது. மந்தி அதைப் பார்த்தது, தேங்காயைப் பார்த்தது. பிறகு தேங்காயைப் போட்டுவிட்டுப் பழத்தோடு ஓடிவிட்டது. தேங்காயைச் சுரண்டித் தின்ன நேரம் வேண்டும், பழம் ஓடிக்கொண்டே விழுங்கலாம். நான் சொல் கேட்பது இதற்குத்தான்.

டர்பன், தென்னாப்பிரிக்கா. செவ்வாய் காலை

டீச்சரம்மா, வணக்கம்.

வேறெங்கும் தேட வேண்டாம், வள்ளுவரிடமே இருக்கிறது. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்பது 118ஆம் குறள். சீர்தூக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பொருத்தமாக 504ஆம் குறள்: 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.' உங்கள் மந்தி செய்தது இதையேதான். தேங்காயின் குணம் நாடியது, குற்றம் நாடியது, மிக்கதைக் கொண்டது. 'மிகைநாடல்' என்று ஒரு கலைச்சொல் செய்தால் இரண்டாயிரம் ஆண்டு மொழியில் இந்த எண்ணம் ஏற்கெனவே இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். என் ஓட்டு அதற்குத்தான்.

குரங்கு என்று சொன்னதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தொல்காப்பியர் மரபியலில் 'குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி' என்கிறார். பெண்பாற் பெயர் சொல்லும் இடம். ஊகம் என்பது குரங்கில் ஒரு வகை. இங்கே எங்கள் வீட்டுக் கூரைக்கு வரும் வெர்வெட் குரங்குக்கு ஜூலு மொழியில் 'இன்காவு' என்று பெயர். ஊகம், காவு, இன்காவு என்று சொல்லிச் சொல்லிப் பாருங்கள். கடல் வணிகம் இந்தக் கரையைத் தொட்டபோது ஏதோ ஒரு சொல் இறங்கியிருக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக எனக்கு ஓர் எண்ணம். ஊகித்தல் என்ற வினையும் அங்கிருந்தே வந்திருக்கலாம். குரங்கு பார்த்துப் பார்த்துத்தானே எதையும் செய்கிறது.

இந்த இன்காவுகளை வைத்து எங்கள் குவாசூலு-நட்டாலில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. எரிகா வான் டி வாலும் கூட்டாளிகளும் செய்தது. சோளத்தை இளஞ்சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறமாக்கி, ஒரு கூட்டத்துக்கு ஒரு நிறத்தில் மட்டும் கற்றாழைக் கசப்பைச் சேர்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு மற்ற நிறத்தில். சில மாதம் கழித்துக் கசப்பே இல்லாமல் இரண்டையும் வைத்தபோதும் கூட்டம் பழைய நிறத்தையே தின்றது. புதிதாய்ப் பிறந்த குட்டிகளும் தாய் தின்றதைத்தான் தின்றன. அதிசயம் என்னவென்றால், வேறு கூட்டத்திலிருந்து குடிவந்த கடுவன்கள் தாங்கள் கற்றதை விட்டுவிட்டு வந்த இடத்து நிறத்துக்கு மாறின. ஆக, சுவை மட்டும் எடை ஆவதில்லை, ஊர் வழக்கமும் எடைதான். இதையும் பலகையில் சேருங்கள்.

சேன்-ஆந்த்ரே, ரெயூனியோன். செவ்வாய் மாலை

அக்கா, ஐயா இருவருக்கும் வணக்கம். நான் இருபத்தெட்டு வயதில் தமிழ் எழுத்துக் கூட்டத் தொடங்கியவன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

சீர்தூக்கல் எனக்குப் பிடித்த சொல். ஆனால் ஒரு சந்தேகம். குறளில் அந்தக் கோலின் பெருமையே 'சமன்செய்து' தூக்குவதுதான், 'ஒருபால் கோடாமை', அதாவது ஒரு பக்கம் சாயாமைதான். குரங்கு செய்வது அதற்கு எதிர் இல்லையா? ஒரு பண்புக்கு நிறையவும் இன்னொன்றுக்குக் கொஞ்சமும் எடை தருகிறது. ஒருபால் கோடுவதுதான் அங்கே நடக்கும் வேலை. நடுவுநிலைமைக்கு வந்த சொல்லை இங்கே வைத்தால் பொருள் தலைகீழாகாதா?

மிகைநாடல் என்றால் இன்று யாரும் குறளை நினைக்க மாட்டார்கள். மிகை என்றால் அளவுக்கு மீறியது. பிள்ளைகள் 'மிகைப்படுத்துதல்' என்றுதான் படித்திருப்பார்கள்.

எங்களுக்குப் பிரெஞ்சில் 'பொந்தெராசியோன்' என்று ஒரு சொல் பள்ளியிலேயே வந்துவிடும். பாடத்துக்குப் பாடம் மதிப்பெண்ணுக்கு வேறு வேறு கனம் தருவதற்கு அதுதான். அந்த மாதிரி எளிமையாக, 'எடையிடல்' என்று வைக்கக் கூடாதா?

அப்புறம் இன்காவு. ஐயா கோபிக்க வேண்டாம். ஜூலுவில் பெயர்ச்சொல் முன்னால் ஓர் ஒட்டு வரும் என்று படித்திருக்கிறேன். அதைக் கழித்தால் மிஞ்சுவது 'காவு'. அதற்கும் ஊகத்துக்கும் பொதுவாக இருப்பது ககரம் ஒன்றுதான். எங்கள் தீவில் காட்டுக் குரங்கே கிடையாது, அதனால் எனக்கு இதில் பேச உரிமை குறைவு.

பிளாக் ரிவர், மொரிஷியஸ். புதன் அதிகாலை

டீச்சர், நான் உங்கள் பழைய மாணவன். இப்போது காட்டுப் புறாக்களோடு வேலை. நீங்கள் சொல்லும் மந்தியின் இனம் இங்கே இளஞ்சிவப்புப் புறாவின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. அதனால் அது எதை எப்போது எடுக்கும் என்பது எங்களுக்குத் தினசரிக் கவலை. நானூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கியது அது. அதற்கு முன் இந்தத் தீவில் குரங்கு என்ற ஒன்றே இல்லை.

சொல் தேடுவதற்கு முன் ஒன்று. இங்கே இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் பலகை குழம்பும். முதல் வேலை, எந்தப் பண்புக்கு எவ்வளவு கனம் என்பது. இரண்டாவது, அந்தக் கனங்களைச் சேர்த்து ஒன்றை எடுப்பது.

முதலாவதுக்கு உதாரணம் தென் அமெரிக்காவின் இரண்டு சின்னக் குரங்குகள், மார்மோசெட்டும் டாமரினும். 2005இல் வந்த ஆய்வுகள் இரண்டையும் ஒப்பிட்டன. அதிகத் தீனிக்காகக் காத்திருக்கச் சொன்னால் மார்மோசெட்தான் நீண்ட நேரம் காத்திருக்கும். அதிகத் தீனிக்காக அதிக தூரம் போகச் சொன்னால் டாமரின்தான் போகும். மார்மோசெட் மரத்தைக் கடித்துவிட்டுப் பிசின் ஊறும்வரை பொறுத்திருக்கும் பிராணி. டாமரின் பூச்சி தேடி அலைகிற பிராணி. தீனி ஒன்றுதான். மார்மோசெட்டுக்குத் தூரம் கனம், டாமரினுக்கு நேரம் கனம்.

இரண்டாவதுக்கு உதாரணம் ரீசஸ் குரங்குகளிடம் நடந்த ஆய்வு, 2012இல் வெளிவந்தது. மிகவும் பிடித்த தீனி தனியாக ஒரு பக்கம். அதே தீனியோடு சுமாராகப் பிடித்த இன்னொரு தீனியும் சேர்த்து மறுபக்கம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் இருக்கும் பக்கம்தான் லாபம். ஆனால் குரங்குகள் பிடித்தது தனியாக இருந்த பக்கத்தையே அதிகம் எடுத்தன. கூட்டாமல் சராசரி பார்த்தது போல. 'தூக்கல்' என்றாலே எல்லாவற்றையும் தட்டில் அள்ளிப்போட்டு மொத்தமாக நிறுப்பது என்று தோன்றும். குரங்கு எப்போதும் அப்படி நிறுப்பதில்லை.

அதனால் முதல் வேலைக்கு 'பண்பெடை' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பண்பு + எடை. உயிர் வந்தால் குற்றியலுகரம் ஓடிவிடும், நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். இரண்டாவதற்குச் சீர்தூக்கலே இருந்துவிட்டுப் போகட்டும்.

பாலித் தீவில் உளுவாத்துக் கோயில் குரங்குகள் நம்முடைய அதே இனம். வருகிறவர்களின் கண்ணாடியையும் செருப்பையும் பறித்து வைத்துக்கொண்டு, தீனி கொடுத்தால்தான் திருப்பித் தரும். வயதான குரங்குகள் மனிதர் அதிகம் மதிக்கும் பொருளாகப் பார்த்துப் பறிக்கின்றன, அதற்கு நல்ல தீனி வரும்வரை பிடித்தும் வைத்துக்கொள்கின்றன என்று 2021இல் ஜான்-பாப்டிஸ்ட் லெக்காவின் குழு எழுதியது. பலகையில் இடம் இருந்தால் இதைத்தான் போடுங்கள் டீச்சர், பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

டர்பன். புதன் நண்பகல்

பிளாக் ரிவர் தம்பி பிரித்துக் காட்டியது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்பெடையைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பண் பெடை. பெடை என்றால் பெண்பறவை. பாடுகிற பெண்பறவை என்று ஆகிறது. நீங்கள் புறாக்களோடு இருப்பதால் உங்களுக்கு உறுத்தவில்லை போலும்! புணர்ச்சி இலக்கணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, காதுக்கு எங்கே பிரிகிறது என்பதும் முக்கியம்.

'பண்புநிறை' என்று முயன்றேன், அதிலும் சங்கடம். தமிழ்நாட்டுப் பாடத்தில் நிறை வேறு, எடை வேறு. இலங்கைப் பாடத்தில் தமிழ்நாட்டார் நிறை என்பதற்குத் திணிவு, எடை என்பதற்கு நிறை. ஒரு கரையில் சரியானது மறுகரையில் தவறாகிவிடும். 'நிறுத்தல்' என்றால் வண்டியை நிறுத்துவதா என்று கேட்பார்கள்.

ஒரு சொட்டும் மூன்று சொட்டும் ஒன்றாகிற இடம் என்றீர்களே டீச்சரம்மா, அதற்கு மட்டும் என்னிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அகநானூறு 140இல் உமணர், அதாவது உப்பு வணிகர், மகள் தெருவில் 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று கூவி வருகிறாள். நெல்லும் உப்பும் வேறு வேறு பொருள். ஒன்றை உலையில் போடலாம், இன்னொன்றைத் தனியே தின்ன முடியாது. ஆனாலும் இந்த அளவு இதற்கு அந்த அளவு அது என்றால் இரண்டும் 'நேர்'. உங்கள் குரங்கு பாதிப் பாதியாகத் தெரிகிற இடம் 'நேர்நிலை'. அந்தப் பெண்ணின் குரலோடு சொல்லிக்கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

இன்காவுவைப் பற்றி நான் இன்னும் மனம் மாறவில்லை. ஒட்டு கழித்தால் என்ன மிஞ்சும் என்பது எனக்கும் தெரியும் தம்பி.

போர்ட் லூயிஸ், மொரிஷியஸ். புதன் இரவு

சுருக்கமாக எழுதுகிறேன், கண் சரியில்லை.

'பொது நாணயம்' வேண்டாம் அம்மா. நாணயம் என்றால் நம் வீடுகளில் முதலில் நேர்மை. "நாணயமான ஆள்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். காசு என்ற பொருள் பிறகுதான் வரும்.

அதோடு இந்தத் தீவில் பணத்தாளும் தமிழும் சேர்ந்தால் அது சும்மா ஓர் உவமை இல்லை. நம் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998இல் புதுத் தாள்களில் தமிழின் இடம் மாறியபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. வரிசையில் ஓர் இடம் கீழே போனதற்கு நம் மனசில் எவ்வளவு கனம்! தாளின் விலை அதே விலைதான். குரங்கின் மூளையைப் பற்றிய பலகையில் அந்த ஞாபகத்தைக் கிளற வேண்டாம். 'பொதுமதிப்பு' என்று எழுதுங்கள், போதும்.

சேன்-ஆந்த்ரே. வியாழன் காலை

நேர்நிலை அருமை. அதை இப்போதே என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

மற்றதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. என் பாட்டி சாகும்வரை பேசிய தமிழ்ச் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். எல்லாம் சாமி, சாப்பாடு, உறவு. அவர் விட்ட இடத்திலிருந்துதான் நான் தொடங்கினேன். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதில் பாதியாவது எனக்குத் தெரிந்திருந்தால் கூடவே போய்விடுவேன். உரை வைத்துப் பொருள் சொல்ல வேண்டிய சொல் என்றால் அங்கேயே நின்றுவிடுவேன். எடை எனக்குத் தெரியும். சீர் தெரியும், தூக்கு தெரியும், சீர்தூக்கல் தெரியாமல் இருந்தது. சொல் தூய தமிழாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். எடையும் தூய தமிழ்தானே?

ரோஸ் ஹில். வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், அதனால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று மிகைநாடல், சீர்தூக்கல், பண்பெடை என்ற மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதி வகுப்பில் விட்டுவிட்டேன். விளக்கம் சொல்லவில்லை. மந்தியின் கதையை மட்டும் சொல்லி, இந்தச் சொல்லை வைத்து உங்கள் வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதுங்கள் என்றேன். மிகைநாடலை ஒருவரும் தொடவில்லை. சீர்தூக்கலை இரண்டு பேர் எழுதினார்கள். இரண்டு பேரும் சண்டையைத் தீர்த்த தாத்தாவைப் பற்றி எழுதினார்கள், ஆகவே சேன்-ஆந்த்ரே தம்பியின் சந்தேகம் சரிதான். பண்பெடையை ஒரு பையன் 'பண்பெடுத்தான்' என்று வினையாக்கிவிட்டான்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, அவள் அம்மா ரோஸ் ஹில் சந்தையில் காய்கறி விற்கிறவர், கரும்பலகையில் இல்லாத ஒன்றை எழுதியிருந்தாள். 'அம்மா தெமி-லீவ் (அரை ராத்தல்) கத்தரிக்காயை எடை போடுகிறார். வாங்குகிற ஆன்ட்டி கத்தரிக்காயை எடை போடுகிறார். ஆனால் ஆன்ட்டியிடம் தராசு இல்லை.' எழுந்து படிக்கச் சொன்னேன். ஆன்ட்டி என்ன எடை போட்டார் என்று மற்றவர்கள் கேட்டார்கள். "பளபளப்பு, காம்பு, புழு ஓட்டை, விலை. புழு ஓட்டைக்குத்தான் ரொம்ப வெயிட்" என்றாள்.

அதனால் பலகையில் 'எடைபோடுதல்' என்று போட்டுவிட்டேன். தலைப்பு: 'குரங்கு பண்புகளை எப்படி எடைபோடுகிறது?' எடைபோட்டது, எடைபோடும், எடைபோடாமல் என்று பிள்ளைகள் இஷ்டத்துக்கு வினையாகத் திருப்பலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். நம் கலைச்சொற்களில் பல பெயராகவே பிறந்து பெயராகவே நின்றுவிடுகின்றன, யாரும் அவற்றால் ஒரு வாக்கியம் பேசுவதில்லை. பிளாக் ரிவர் தம்பி சொன்ன முதல் வேலைக்குப் 'பண்பின் எடை' என்று பிரித்தே எழுதினேன், பெண்பறவை பறந்துவிட்டது ஐயா. இரண்டாவதற்கு 'எடைபோட்டுத் தெரிதல்'. கொஞ்சம் நீளம்தான். 'பொதுமதிப்பு' ஏற்றுக்கொண்டேன். 'நேர்நிலை'யை யாரும் மறுக்கவில்லை, நான் கேட்காத சொல் அது ஒன்றுதான் முழு ஒப்புதலோடு வந்தது. உமணர் மகளையும் பலகையின் ஓரத்தில் வரைந்திருக்கிறோம். சோளமும் உளுவாத்தும் இரண்டும் சேர்ந்துவிட்டன, இன்காவு மட்டும் இல்லை.

டர்பன். வெள்ளி காலை

அச்சுக்குப் போயிருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எடைபோடுதல் சந்தைச் சொல். சந்தை தாழ்வு என்று சொல்லவில்லை, உமணர் மகளும் சந்தைக்காரிதான். ஆனால் எடைபோடும்போது ஒரு பொருளுக்கு ஓர் எடை. தூக்கும்போதுதான் இரண்டு தட்டு, இரண்டு பொருள், ஒன்றுக்கு எதிரே ஒன்று. தெரிவு என்பது இரண்டு இருந்தால்தானே? அந்த இரண்டாவது தட்டு உங்கள் சொல்லில் எங்கே இருக்கிறது? அடுத்த வருஷம் பலகையை மறுபடி அச்சடிப்பீர்கள் என்றால் இதை மட்டும் யோசியுங்கள் அம்மா. என் எதிர் ஓட்டைப் பதிவில் வைக்கவும்.

பிளாக் ரிவர். வெள்ளி மாலை

டீச்சர், பலகையைப் பள்ளி வாசலில் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. நான்காவது பலகையில் பிரைமேட்டுகளுக்கு (குரங்கும் மனிதனும் சேர்ந்த உயிரின வரிசை) 'முதனிகள்' என்று போட்டிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை எங்கே எடுத்தீர்கள்? வாசலில் நின்ற இரண்டு பிள்ளைகள் அதை 'முதலிகள்' என்று படித்தார்கள்.